கணினி கேள்வி – பதில்: விரிதாளில் சொந்தமாக எழுதும் ஃபங்ஷன்

விரிதாளில் ஏற்கனவே உள்ள ஃபங்ஷன்கள் (மதிப்புகளைக் கொடுத்தால் கணக்கிட்டு விடை தருபவை) போதாமல், தாமே ஒன்றை எழுதிப் பார்த்துவிட்டு, அது பாதி வேலை செய்து பாதியில் நின்றுவிட்டதாகக் குமரி மாவட்ட வாசகர்கள் சிலர் எழுதியிருக்கிறார்கள். கேட்பவர்களின் தொழில் வெவ்வேறு என்றாலும், சிக்கல் பெரும்பாலும் ஒரே இடத்தில் தொடங்குவதால் அக்கடிதங்களை இந்த இதழில் ஒன்றாகத் தருகிறோம்.

கேள்வி: சிறு தோட்டக்காரர்களிடம் ரப்பர் பால் வாங்கி விற்கிறேன். பாலின் எடை, டி.ஆர்.சி. சதவீதம் (பாலில் உள்ள உலர் ரப்பரின் பங்கு), அன்றைய விலை ஆகியவற்றைக் கொண்டு கூகுள் ஷீட்ஸில் தொகை கணக்கிடுகிறேன். டி.ஆர்.சி. குறைந்தால் கழிவு என்று நிபந்தனைகள் சேர்ந்து ஃபார்முலா நீண்டுவிட்டதால், கூகுள் ஷீட்ஸோடு வரும் நிரல் எழுதும் வசதியான ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டில் ஒரு ஃபங்ஷன் எழுதினேன். எடையையும் சதவீதத்தையும் கொடுத்தால் போதும். விலையை அதுவே 'விலை' என்ற தாளிலிருந்து படித்துக்கொள்ளும். ஆனால் விலையை மாற்றினாலும் தொகை மாறாமல் பழையதே நிற்கிறது. எங்கே பிழை?
— வாசகர், குலசேகரம்

பதில்: உங்கள் ஸ்கிரிப்ட்டில் பிழை இல்லை. விலையை ஃபங்ஷன் எந்த வழியாகப் பெறுகிறது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

கூகுள் ஷீட்ஸ், நீங்கள் எழுதிய ஃபங்ஷனை ஒருமுறை ஓட்டிவிட்டு, அடைப்புக்குறிக்குள் கொடுத்த மதிப்புகளையும் கிடைத்த விடையையும் நினைவில் வைத்துக்கொள்கிறது. அந்த மதிப்புகள் மாறாத வரையில் மறுபடி ஓட்ட வேண்டிய தேவை இல்லை என்பது அதன் கணக்கு. ஃபங்ஷன் உள்ளுக்குள் எந்தத் தாளை எட்டிப் பார்த்து எந்தச் செல்லைப் படிக்கிறது என்பதை அது கவனிப்பதே இல்லை. எடையும் சதவீதமும் மாறவில்லை, ஆகவே விடையும் மாறவில்லை. விலையையும் மூன்றாவது மதிப்பாக அடைப்புக்குறிக்குள் கொண்டுவந்துவிட்டால், விலை மாறிய உடனே தொகையும் மாறும். 42 கிலோ பால், 34 சதவீதம் டி.ஆர்.சி., உலர் ரப்பர் கிலோவுக்கு 180 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 14.28 கிலோ உலர் ரப்பருக்கு 2,570 ரூபாய் 40 பைசா வர வேண்டும். 180 என்ற எண் இருக்கும் செல்லை நேரடியாகச் சுட்டினால் அது எப்போதும் சரியாக வரும்.

இங்கே சிலர் ஒரு குறுக்குவழியை முயல்வதுண்டு. நொடிக்கு நொடி மாறும் நேரத்தைத் தரும் 'நௌ' என்ற ஃபங்ஷனைக் கூடுதல் மதிப்பாகக் கொடுத்துவிட்டால் ஒவ்வொரு முறையும் கணக்குப் புதிதாக ஓடும் அல்லவா என்பது அவர்களின் எண்ணம். கூகுள் இதை அனுமதிப்பதில்லை. 'நௌ', 'ராண்ட்' போல ஒவ்வொரு முறையும் வேறு விடை தருபவற்றைச் சொந்த ஃபங்ஷனுக்குக் கொடுத்தால், செல்லில் 'லோடிங்' என்ற சொல் மட்டும் முடிவில்லாமல் நின்றுகொண்டிருக்கும்.

விலை தானாக மாறாமல் இருந்ததால் உங்களுக்கு ஒரு நன்மையும் நடந்திருக்கிறது என்பதைக் குறிப்பிட வேண்டும். எல்லா வரிசைகளும் ஒரே விலைச் செல்லைச் சுட்டினால், இன்றைய விலையை எழுதிய கணத்தில் போன வாரம் தோட்டக்காரருக்குக் கொடுத்து முடித்த தொகையும் சேர்ந்து மாறிவிடும். கையிலிருக்கும் ரசீதும் கணினியில் இருக்கும் கணக்கும் ஒத்துப்போகாது. ஆகவே 'விலை' தாளில் தேதி ஒரு பத்தியிலும் விலை அடுத்த பத்தியிலுமாக நாள்தோறும் எழுதி வாருங்கள். கொள்முதல் தாளில் அந்தந்த நாளின் விலையை 'எக்ஸ்லுக்கப்' மூலம் ஒரு தனிப் பத்தியில் எடுத்து, அந்தப் பத்தியின் மதிப்பை ஃபங்ஷனுக்குக் கொடுங்கள். தேடும் வேலையை விரிதாள் செய்யட்டும், கணக்கிடும் வேலையை மட்டும் உங்கள் ஃபங்ஷன் செய்யட்டும்.

சதவீதத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு வரிசையில் 34 என்றும் இன்னொன்றில் சதவீதக் குறியோடு 34 என்றும் அடித்திருந்தால், இரண்டாவது ஃபங்ஷனுக்குள் 0.34 ஆகவே போய்ச் சேரும், தொகை நூறில் ஒரு பங்காகிவிடும். வெற்றுச் செல், சுழியமாக அல்லாமல் வெற்று எழுத்துச் சரமாக உள்ளே போகும். எண் என்று நாம் நினைப்பது எழுத்தாகப் பதிவாகியிருந்தால், ஆப்ஸ் ஸ்கிரிப்ட்டின் மொழியான ஜாவாஸ்கிரிப்ட்டில் பெருக்கல் அதை எண்ணாக மாற்றிக்கொள்ளும். கூட்டல் அப்படியல்ல, 42 என்ற எழுத்துச் சரத்தோடு 3 என்ற எண்ணைக் கூட்டினால் 423 என்று ஒட்டித் தரும். எனவே ஃபங்ஷனின் முதல் வரிகளிலேயே, எடை சுழியத்துக்கு மேற்பட்ட எண்ணா, சதவீதம் 1-க்கும் 100-க்கும் இடைப்பட்டதா என்று சோதித்து, இல்லையென்றால் கணக்கிடாமல் பிழைச் செய்தியைத் திருப்பித் தரும்படி எழுதிவிடுங்கள். டி.ஆர்.சி. அளக்கும் கருவியான மெட்ரோலாக்கில் பார்த்த அளவைத் தவறாக அடித்தால் அந்த இடத்திலேயே தெரிய வேண்டும். மாதக் கடைசியில் தெரிந்து பயனில்லை.

வேகத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆயிரம் வரிசைகளில் ஆயிரம் முறை ஃபங்ஷனை எழுதினால், அந்த அழைப்புகள் எல்லாம் கூகுளின் சர்வருக்குப் போய்த் திரும்ப வேண்டும். உங்கள் கணினி எவ்வளவு புதியதானாலும் இதில் மாற்றமில்லை. அதற்கு மாறாக, எடைப் பத்தி முழுவதையும் சதவீதப் பத்தி முழுவதையும் விலைப் பத்தி முழுவதையும் ஒரே அழைப்பில் கொடுத்து, விடைகளையும் ஒரு பட்டியலாகத் திருப்பித் தரலாம். அப்போது முதல் செல்லில் மட்டும் ஃபார்முலா இருக்கும், விடைகள் கீழே வழிந்து நிரம்பும். வழியும் பாதையில் ஏதேனும் ஒரு செல்லில் யாராவது ஒரு எழுத்தை அடித்து வைத்திருந்தால் மொத்தமும் 'ரெஃப்' பிழையாகிவிடும் என்பதை மட்டும் நினைவில் கொள்ளுங்கள். எப்படி அழைத்தாலும் ஓர் அழைப்பு 30 நொடிக்குள் முடிந்தாக வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு என் கருத்தையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கணக்குக்கு ஸ்கிரிப்ட்டே வேண்டியதில்லை. கூகுள் ஷீட்ஸில் 2022 ஆகஸ்ட்டில் 'நேம்டு ஃபங்ஷன்' என்ற வசதி வந்தது. 'டேட்டா' பட்டியலில் அதைத் திறந்து, நீங்கள் ஏற்கனவே எழுதி வைத்திருக்கும் நீண்ட ஃபார்முலாவை அப்படியே ஒட்டி, எடை, சதவீதம், விலை என்ற மூன்று இடங்களுக்கும் பெயர் வைத்துவிட்டால், அது உங்கள் சொந்த ஃபங்ஷனாகிவிடும். ஸ்கிரிப்ட் சர்வருக்குப் போய் வரும் தாமதமோ 30 நொடிக் கெடுவோ இதற்கு இல்லை. இன்னொரு விரிதாளுக்கு இறக்குமதி செய்துகொள்ளவும் முடியும். ஆனால் இறக்குமதியானது ஒரு பிரதிதான், மூலத்தில் பின்னர் செய்யும் திருத்தம் அதில் தானாக ஏறாது.

கேள்வி: ரப்பர் ஷீட்டின் தரத்துக்கேற்ப விலை சொல்லும் ஃபங்ஷனுக்கு 'ஆர்எஸ்எஸ்4' என்று பெயர் வைத்தேன். எக்செல் ஏற்க மறுக்கிறது. 'ஆர்எஸ்எஸ்தரம்' என்று வைத்தால் ஏற்கிறது. ஏன்?
— வாசகர், அருமனை

பதில்: எக்செல்லில் அந்தப் பெயரில் ஏற்கனவே ஒரு செல் இருக்கிறது. 2007 பதிப்பிலிருந்து எக்செல் தாளில் 16,384 பத்திகள் உள்ளன. ஆங்கிலத்தில் எக்ஸ், எஃப், டி என்ற மூன்றெழுத்துப் பத்தியோடு அவை முடிகின்றன. அதற்கு முன்னால் வரும் எந்த மூன்றெழுத்தும் ஒரு பத்தியின் பெயரே. ஆகவே ஆர்எஸ்எஸ் என்ற பத்தியின் நான்காவது வரிசையைத்தான் நீங்கள் குறிப்பிடுகிறீர்கள் என்று எக்செல் புரிந்துகொள்கிறது. கூகுளின் நேம்டு ஃபங்ஷனிலும் செல் முகவரி போலத் தோன்றும் பெயர்களுக்கு இடமில்லை. மூன்றெழுத்துக்குள் அடங்கி, அதைத் தொடர்ந்து எண் வரும் பெயர்களைத் தவிர்த்துவிடுங்கள். 'டாக்ஸ்18' போன்ற பெயர்களும் ஆங்கிலத்தில் எழுதும்போது இதில் மாட்டிக்கொள்ளும்.

கேள்வி: எங்கள் கடை ரசீதில் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் தமிழில் அச்சிட விரும்புகிறேன். இணையத்தில் கிடைத்த விபிஏ (எக்செல்லின் நிரல் மொழி) நிரலை எக்செல்லில் சேர்த்தேன். ஆங்கிலத்தில் மில்லியன் என்று சொல்கிறது. தமிழ்ச் சொற்களை நிரலில் ஒட்டினால் வெறும் கேள்விக்குறிகளாகின்றன. வேறு வழி உண்டா?
— வாசகர், மார்த்தாண்டம்

பதில்: எக்செல்லில் தாய்லாந்தின் பாட் நாணயத்தைத் தாய் மொழியில் எழுத்தாக்கும் ஃபங்ஷன் உள்ளமைந்தே வருகிறது, ரூபாய்க்கு அப்படி ஒன்று இல்லை. எண்ணை எழுத்தாக்க மைக்ரோசாஃப்ட் தன் உதவிப் பக்கத்தில் தந்திருக்கும் மாதிரி நிரல், டாலரையும் சென்ட்டையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. அது எண்ணை மூன்று மூன்று இலக்கங்களாகப் பிரிக்கிறது. நம் முறையில் கடைசி மூன்று இலக்கங்களுக்குப் பிறகு இரண்டிரண்டாகப் பிரிக்க வேண்டும். ஆகவே ஒரு சொல்லை மட்டும் மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது, பிரிக்கும் பகுதியையே மாற்றி எழுத வேண்டும்.

கேள்விக்குறிகளுக்குக் காரணம், விபிஏ நிரல் எழுதும் சாளரம், பல மொழி எழுத்துகளுக்கும் பொதுவான குறியீட்டு முறையான யூனிகோடை ஆதரிக்காததுதான். எக்செல் தாளில் தமிழ் நன்றாகத் தெரியும், அந்தச் சாளரத்தில் மட்டும் தெரியாது. ஒவ்வொரு எழுத்தையும் அதன் குறியெண்ணால் எழுதும் வழி ஒன்று உண்டு, ககரத்துக்கு 2965 என்பது போல. அப்படி எழுதப்பட்ட நிரலை ஆறு மாதம் கழித்து எழுதியவரே படிக்க முடியாது. அதைவிட எளிய வழி, சொற்களை நிரலுக்குள் வைக்காமல் ஒரு தாளில் அட்டவணையாக வைத்து, அந்த அட்டவணையை ஃபங்ஷனுக்கு இரண்டாவது மதிப்பாகக் கொடுப்பது. நிரலில் ஒரு தமிழ் எழுத்தும் இருக்காது; எத்தனையாவது வரிசை, எத்தனையாவது பத்தி என்ற எண்கள் மட்டுமே இருக்கும்.

அட்டவணையைச் சற்று யோசித்து அமைக்க வேண்டும், ஏனென்றால் தமிழில் எண்ணுப்பெயர்கள் அடுத்து வருவதைப் பொறுத்து உருமாறுகின்றன. தனியாக நின்றால் ஆயிரம், பின்னால் வேறு எண் வந்தால் ஆயிரத்து, நூறு, நூற்று, லட்சம், லட்சத்து. இரண்டாயிரம் என்று இயல்பாக வருவது மூவாயிரம், ஐயாயிரம், பதினோராயிரம் என்று மாறிக்கொண்டே போகிறது. தொண்ணூறு, தொள்ளாயிரம், ஒன்பதாயிரம் என்ற மூன்றையும் ஒரே விதியால் உருவாக்க முயல்வதைக் காட்டிலும் நேரடியாக எழுதி வைத்துவிடுவது நல்லது. 1 முதல் 99 வரை 99 வரிசைகள்; அவற்றில் தனிச்சொல் ஒரு பத்தி, ஆயிரத்தோடு சேர்ந்த வடிவம் ஒரு பத்தி, அதன் தொடர் வடிவம் ஒரு பத்தி. நூறுகளுக்கு ஒன்பது வரிசைகள் தனியே. ஒரு மாலைப் பொழுதில் அடித்து முடித்துவிடலாம். அதன் பிறகு 2,570 என்ற எண், 'இரண்டாயிரத்து', 'ஐந்நூற்று', 'எழுபது' என்ற மூன்று தேடல்களாக முடிந்துவிடும்.

பைசாவை நீக்கி முழு ரூபாயாக்கும்போது கவனம் தேவை. விரிதாளில் எழுதும் 'ரவுண்ட்' ஃபங்ஷனும் விபிஏ நிரலுக்குள் எழுதும் 'ரவுண்ட்' ஃபங்ஷனும் ஒன்றல்ல. 2570.50 என்பதை முன்னது 2571 ஆக்கும். பின்னது, சரிபாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோகும் முறைப்படி 2570 ஆக்கும். 2571.50 என்றால் இரண்டும் 2572 என்றே சொல்லும். எனவே இந்த வேறுபாடு சில ரசீதுகளில் மட்டும், எண்ணில் ஒரு தொகையும் எழுத்தில் ஒரு தொகையுமாக வெளிப்படும். வாடிக்கையாளர்தான் அதை முதலில் கண்டுபிடிப்பார். நிரலுக்குள் 'வொர்க்‌ஷீட்ஃபங்ஷன்' என்ற பெயரோடு சேர்த்து அழைத்தால் விரிதாளின் 'ரவுண்ட்' கிடைக்கும்; அல்லது முழுமையாக்கிய எண்ணையே ஃபங்ஷனுக்குக் கொடுத்துவிடுங்கள். இரண்டாவதையே நான் விரும்புவேன்.

தொகையை வைக்கும் மாறியை 'இன்டிஜர்' என்று அறிவித்திருந்தால், 32,767-க்கு மேல் போன முதல் ரசீதிலேயே 'வேல்யூ' பிழை வரும். விபிஏவில் அதன் கொள்ளளவு அவ்வளவுதான். 'லாங்' என்று அறிவித்தால் ஏறத்தாழ 214 கோடி வரை தாங்கும், கடை ரசீதுக்கு அது போதும்.

நிரலை, தாளின் பெயரில் உள்ள பகுதியில் எழுதாமல் 'இன்சர்ட்' வழியாகச் சேர்க்கும் 'மாட்யூல்' பகுதியில் எழுத வேண்டும்; இல்லையெனில் செல்லில் 'நேம்' பிழைதான் கிடைக்கும். கோப்பை மேக்ரோ (இத்தகைய விபிஏ நிரல்) உள்ள வகையில் சேமிக்க வேண்டும். அதை மின்னஞ்சலில் அனுப்பி வேறு கணினியில் திறந்தால் நிரல் முடக்கப்பட்டிருக்கும், ஏனென்றால் இணையம் வழியாக வந்த கோப்புகளில் மேக்ரோவைத் தடுப்பதை 2022 முதல் மைக்ரோசாஃப்ட் இயல்பு நிலையாக்கிவிட்டது. கோப்பின் 'பிராப்பர்ட்டீஸ்' பகுதியில் தடையை நீக்கலாம். உங்கள் கோப்புக்கு அப்படிச் செய்யுங்கள். யாரோ அனுப்பிய கோப்புக்குச் செய்யாதீர்கள். கைப்பேசி எக்செல்லிலும் உலாவியில் திறக்கும் எக்செல்லிலும் விபிஏ இயங்குவதே இல்லை. மைக்ரோசாஃப்ட் 365 அல்லது எக்செல் 2024 வைத்திருந்தால், இதே அட்டவணையைக் கொண்டு ஃபார்முலாவையே சொந்த ஃபங்ஷனாக்கும் 'லாம்டா' மூலம் மேக்ரோ இல்லாமலேயே ஃபங்ஷனை அமைத்துவிடலாம். தமிழ்ச் சொற்களை ஃபார்முலாவுக்குள்ளேயே எழுதவும் முடியும்.

கேள்வி: பூ வியாபாரம் செய்கிறோம். பாக்கித் தொகை ஒரு வரம்பைத் தாண்டினால் அந்த வரிசையைச் சிவப்பாக்கி, எனக்கு மின்னஞ்சலும் அனுப்பும்படி கூகுள் ஷீட்ஸில் ஒரு ஃபங்ஷன் எழுதினேன். அனுமதி இல்லை என்று பிழை காட்டுகிறது. அனுமதியை எங்கே கொடுப்பது?
— வாசகி, தோவாளை

பதில்: கொடுக்க முடியாது. செல்லில் எழுதும் ஃபங்ஷன் உங்களிடம் அனுமதி கேட்பதே இல்லை; கேட்காததால், அனுமதி தேவைப்படும் ஜிமெயில், டிரைவ் போன்றவற்றை அதனால் தொடவும் முடியாது. தன் செல்லுக்கு விடை தருவதையும், விடை பட்டியலாக இருந்தால் பக்கத்துச் செல்களில் வழிவதையும் தவிர, வேறெந்தச் செல்லையும் அது மாற்றாது. நிறம், எழுத்தளவு, தாளின் பெயர் எதையும் மாற்றாது. எக்செல்லின் விபிஏவிலும் செல்லிலிருந்து அழைக்கப்படும் ஃபங்ஷனுக்கு இதே கட்டுப்பாடு உண்டு. மார்க்கெட்டில் விலை கேட்டால் சொல்லும் ஆளைப் போன்றது அது. கேட்டதற்கு விலை சொல்வாரே தவிர, நமக்காகப் பூவை எடுத்துக் கட்டி வண்டியில் ஏற்றித் தர மாட்டார்.

இக்கட்டுப்பாட்டைக் குறையாக நான் நினைக்கவில்லை. ஒரு செல்லைக் கணக்கிடும்போதெல்லாம் மின்னஞ்சல் போகும் என்றால், தாளை ஒருமுறை திறந்து மூடுவதற்குள் உங்கள் பெட்டி நிரம்பிவிடும்.

உங்கள் தேவையை மூன்றாகப் பிரியுங்கள். வரம்பைத் தாண்டியதா என்று 'ஆம்', 'இல்லை' என விடை சொல்வது ஃபார்முலாவின் வேலை. சிவப்பாக்குவது 'கண்டிஷனல் ஃபார்மேட்டிங்' வேலை. அதற்கு ஒரு வரி நிரலும் வேண்டாம். மின்னஞ்சல் அனுப்புவது, குறிப்பிட்ட நேரத்திலோ நிகழ்விலோ நிரலைத் தானாக ஓட்டும் 'டிரிக்கர்' வேலை. இங்கே இரண்டு இடங்களில் ஏமாறக்கூடும். செல்லைத் திருத்தியவுடன் தானாக ஓடும் 'ஆன்எடிட்' என்ற எளிய டிரிக்கர், அனுமதி தேவைப்படும் எதையும் செய்யாது என்பதால் மின்னஞ்சல் அனுப்பாது. நீங்கள் அனுமதி கொடுத்து நிறுவும் டிரிக்கர்தான் அனுப்பும். அடுத்து, 'ஆன்எடிட்' என்பது மனிதர் கையால் திருத்தினால் மட்டுமே விழிக்கும். ஃபார்முலாவின் விடை தானாக மாறியதை அது அறியாது. பாக்கித் தொகை ஒரு கூட்டல் ஃபார்முலாவில் இருந்து வருவதானால், நாள்தோறும் இரவு ஒரு குறிப்பிட்ட நேரத்தில் ஓடும் டிரிக்கரை வைத்து, அது முழுப் பத்தியையும் படித்து, 'ஆம்' என்றிருக்கும் பெயர்களை எல்லாம் ஒரே மின்னஞ்சலில் அனுப்பும்படி செய்வதே தகும். அந்த நிரலுக்கு 6 நிமிட நேரம் உண்டு. இலவசக் கணக்கிலிருந்து ஸ்கிரிப்ட் வழியாக நாளொன்றுக்கு 100 பேருக்குத்தான் அனுப்ப முடியும் என்றாலும், நீங்கள் ஒருவருக்கே அனுப்புவதால் அது உங்களைப் பாதிக்காது.

கேள்வி: மாணவர்களுக்கான சொல் விளையாட்டுக்காக எழுத்துகளை எண்ணுகிறேன். 'நாகர்கோவில்' என்ற சொல்லில் 6 எழுத்துகள். 'லென்' ஃபங்ஷன் 11 என்கிறது. ஸ்கிரிப்ட் எழுத வேண்டுமா?
— ஆசிரியை, நாகர்கோவில்

பதில்: வேண்டாம். யூனிகோடில் மெய்யும் உயிர்க்குறியும் புள்ளியும் தனித்தனிக் குறியீடுகள். 'லென்' அவற்றையே எண்ணுகிறது. கூகுள் ஷீட்ஸில் 'ரெஜெக்ஸ்ரீப்ளேஸ்' ஃபங்ஷனால் சார்புக் குறிகளை எல்லாம் நீக்கிவிட்டு மீதியை எண்ணினால் 6 வரும். தேடும் கோலமாக, பின்சாய்கோடு, சிறிய பி, அதையடுத்து நெளிவு அடைப்புக்குள் பெரிய எம் என்று கொடுங்கள். ஒட்டி நிற்கும் குறிகள் அனைத்தையும் அது குறிக்கும். இந்த ஃபார்முலாவை நேம்டு ஃபங்ஷனாகச் சேமித்துக்கொள்ளலாம். க்ஷ, ஸ்ரீ ஆகியவற்றை இது இரண்டிரண்டாக எண்ணும். சொற்களுக்கிடையே இடைவெளி இருந்தால் அதையும் எண்ணும். விளையாட்டுக்கான சொற்பட்டியலில் அவை வராமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கேள்வி: பழைய ஆவணங்களின் பட்டியலை எக்செல்லில் தயாரிக்கிறேன். பலவற்றில் கொல்லம் ஆண்டு என்ற மலையாள ஆண்டுக் கணக்குதான் இருக்கிறது. கொல்லம் ஆண்டு, மாதம், நாள் கொடுத்தால் ஆங்கிலத் தேதியைத் தரும் ஃபங்ஷன் எழுத முடியுமா?
— வாசகர், தக்கலை

பதில்: ஆண்டைத் தரும் ஃபங்ஷன் எளிது, துல்லியமான தேதியைத் தருவது எளிதன்று. கொல்லம் ஆண்டு, கி.பி. 825-இல் தொடங்கியது, ஆகஸ்ட் நடுவில், சிங்ஙம் முதல் நாளில் புத்தாண்டு பிறக்கிறது. ஆகவே சிங்ஙம் முதல் விருச்சிகம் வரை உள்ள மாதங்களுக்கு 824-ஐயும், மகரம் முதல் கர்க்கடகம் வரை உள்ள மாதங்களுக்கு 825-ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு கிடைக்கும். இடையிலுள்ள தனு மாதத்தின் நடுவில்தான் ஜனவரி முதல் நாள் வருகிறது. இந்த மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த 1956 நவம்பர் 1, கொல்லம் 1132-ஆம் ஆண்டு துலாம் மாதத்தில் அமைகிறது. 1132-உடன் 824-ஐக் கூட்டினால் 1956. உங்கள் ஃபங்ஷனைச் சோதிக்க இதைப் பயன்படுத்தலாம். அதே ஆண்டின் மகர மாதத்தைக் கொடுத்தால் 1957 வர வேண்டும்.

நாளைக் கணக்கிடுவதற்கு, சூரியன் ஒவ்வொரு ராசியிலும் புகும் நேரம் தேவை. மாதங்களின் நாள் எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு சிறிது மாறும். இதைக் கூட்டல் கழித்தலாக எழுதிவிட்டால், ஒரு நாள் முன்பின்னாகும் தேதியை ஃபங்ஷன் உறுதியான தோற்றத்தோடு தந்துகொண்டிருக்கும்; சொத்து ஆவணத்தில் அது ஆபத்து. பஞ்சாங்கத்திலிருந்து எடுத்த மாதப் பிறப்புத் தேதிகளை அட்டவணையாக வைத்து, அதை ஃபங்ஷனுக்குக் கொடுத்து, அட்டவணையில் இல்லாத ஆண்டுக்கு 'பஞ்சாங்கம் பார்க்க' என்று திருப்பித் தரச் செய்யுங்கள். தனு மாதத்தில் நாள் குறிப்பிடப்படாத ஆவணங்களுக்கு '1932–33' என்பது போல இரண்டு ஆண்டுகளையும் எழுத்துச் சரமாகத் தரலாம்.

எக்செல்லுக்கு மட்டுமே உரிய ஒரு தடையும் குறுக்கே நிற்கிறது. அதன் நாட்காட்டி 1900 ஜனவரி 1-இல் தொடங்குகிறது. அதாவது கொல்லம் 1075-ஆம் ஆண்டு தனு மாதத்தின் நடுவுக்கு முற்பட்ட ஆவணங்களின் தேதியைச் செல்லில் தேதியாக வைக்க இயலாது. விபிஏவுக்குள் கி.பி. 100 முதல் தேதிகளைக் கையாளலாம். ஆனால் விடையைச் செல்லுக்கு அனுப்பும்போது எழுத்துச் சரமாகத்தான் அனுப்ப வேண்டும். மேலும் 1900-ஐ எக்செல் லீப் ஆண்டாகக் கருதி, இல்லாத பிப்ரவரி 29-ஐ அதில் சேர்த்திருக்கிறது. விபிஏ அப்படிக் கருதுவதில்லை. அதனால் அந்த ஆண்டின் முதல் இரண்டு மாதத் தேதிகளில் இரண்டும் ஒரு நாள் வேறுபடும். ஆண்டு, மாதம், நாள் ஆகியவற்றை மூன்று தனிப் பத்திகளில் எண்களாகவே வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லை, வரிசைப்படுத்தவும் தடையில்லை.

கேள்வி: கூகுள் ஷீட்ஸில் சொந்த ஃபங்ஷன் உள்ள கணக்கை எக்செல் கோப்பாக இறக்கி ஆடிட்டருக்கு அனுப்பினால் அங்கே வேலை செய்யுமா?
— வாசகர், குளச்சல்

பதில்: செய்யாது. ஆப்ஸ் ஸ்கிரிப்ட் நிரல் எக்செல் கோப்போடு போவதில்லை. அனுப்பும் முன் தாளை ஒரு பிரதி எடுத்து, அப்பிரதியில் ஃபங்ஷன் உள்ள பத்திகளை நகலெடுத்து, கன்ட்ரோல், ஷிஃப்ட், வி மூன்றையும் சேர்த்து அழுத்தி மதிப்புகளாக ஒட்டிவிட்டு இறக்குங்கள். மூலத் தாளை அப்படியே விட்டுவிடுங்கள்; அதில் ஒட்டிவிட்டால் ஃபார்முலா போய்விடும். எந்த விதியின்படி தொகை வந்தது என்று ஆடிட்டர் கேட்பார் என்பதால், ஃபங்ஷன் செய்யும் கணக்கை இரண்டு மூன்று வரிகளில் தாளின் மேலேயே எழுதி அனுப்பிவிடுங்கள்.